வெயில் ஏறினால் அவுட்போர்டு மோட்டார் ஏன் திணறுகிறது?

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் காலையில் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். அதையே உச்சி வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் அடம் பிடிக்கும். பிடித்தாலும் ஒரு நிமிடம் ஓடி, இருமி, நின்றுவிடும். "ஏர் லாக், சூடு ஆறட்டும்" என்று யாராவது சொல்வார்கள், ஆறினால் ஓடவும் செய்யும். அதனாலேயே உண்மையான கோளாறு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. சூடு மட்டுமே ஒரு நல்ல மோட்டாரை ஓட்டத்தின் நடுவில் நிறுத்துவது அபூர்வம். பெரும்பாலும் எரிபொருள் வரும் வழியில் ஏற்கனவே ஒரு சின்ன அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கும், வெயில் அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீரைப் போல பெட்ரோலுக்கு ஒரே ஒரு கொதிநிலை கிடையாது. அது பல பொருள்களின் கலவை. அதில் இருக்கும் பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழேயே கொதிக்கும், கனமான பகுதிகளுக்கு 200 டிகிரி வரை ஆகும். பெட்ரோல் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை 37.8 டிகிரியில் அதன் ஆவியழுத்தத்தை அளந்து சொல்வார்கள். 60 கிலோபாஸ்கல் அளவுள்ள பெட்ரோலை எடுத்துக்கொண்டால், திறந்த பாத்திரத்தில் அது 50 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே குமிழிவிட ஆரம்பிக்கும். எத்தனால் 10 சதவீதம் கலந்தால் ஆவியழுத்தம் இன்னும் சுமார் 7 கிலோபாஸ்கல் கூடும்.

இனி முக்கியமான விஷயம். பெரும்பாலான அவுட்போர்டுகளில் பம்ப் இருப்பது மோட்டாரில், டேங்கில் இல்லை. அதாவது டேங்கிலிருந்து மோட்டார் வரை பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்த ஹோஸ் முழுக்க வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவான அழுத்தம்தான். மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கிறதே, அதே கதைதான் இங்கேயும்: அழுத்தம் குறைந்தால் பெட்ரோலும் சீக்கிரம் கொதிக்கும். உறிஞ்சும் விசை 4 அங்குல பாதரச அளவுக்கு (வெற்றிட அளவி காட்டும் அலகு இது) ஏறினால், கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை தோராயமாக 4, 5 டிகிரி கீழே இறங்கிவிடும். வழியில் ஒரு ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் பம்ப் இன்னும் பலமாக இழுக்கும், இழுக்க இழுக்க ஆவியாவதும் கூடும். இந்த மோட்டார்களில் இருக்கும் டயாஃப்ரம் பம்ப், அதாவது சவ்வு அசைந்து இழுக்கும் பம்ப், திரவத்தைத்தான் ஒழுங்காக நகர்த்தும். ஆவி நிறைந்துவிட்டால் சவ்வு அசைகிற ஒவ்வொரு முறையும் அந்த ஆவி சுருங்கி விரிவதோடு சரி, பெட்ரோல் முன்னால் போகாது.

நிறுத்தின பிறகு வரும் தொல்லை வேறு வகை. மோட்டார் ஓடும்போது குளிர்விக்கும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும், அணைத்ததும் அது நின்றுவிடும். பிளாக்கில் தேங்கிய சூடு மூடிக்குள்ளேயே பரவி கார்புரேட்டரையும் பம்பையும் வாட்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்தால், அடுத்த ஸ்டார்ட்டுக்கு எஞ்சின் நனைந்து கிடக்கும். அந்த நேரத்தில் சோக் இழுப்பது, ஹோஸில் இருக்கும் பிரைமர் பல்பை (பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை) திரும்பத் திரும்ப அமுக்குவது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். சோக் இல்லாமல், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து வைத்து இழுப்பதுதான் வழி. கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் மோட்டார்களில் ஆவியைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன தொட்டி உண்டு. அதுவும் சூடேறினால் உள்ளே இருக்கும் உயர் அழுத்த பம்ப் ஆவியைக் குடித்துத் தடுமாறும். நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்ததும் மேல்மூடியைக் கழற்றி வைத்தால் இந்தச் சூடு பெரும்பாலும் வெளியேறிவிடும். மூடி இல்லாதபோது எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீல் வெளியே தெரியும், ஆகவே திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது கையும் துணியும் அதன் பக்கமே போகக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது என்றால் பிரைமர் பல்பைக் கவனியுங்கள், அது சொல்லாத கோளாறு குறைவு. மோட்டார் சாகப் போகிற நேரத்தில் பல்பு தட்டையாகச் சப்பிக்கொண்டு கிடந்தால், அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் இடையில். முதல் சந்தேகம் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அதைத் திறக்க மறந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகிவிடும். திருகு திறந்திருந்தும் பல்பு சப்பினால் டேங்கின் அடியில் உள்ள சல்லடை, பிறகு நிரந்தர டேங்காக இருந்தால் அதன் வாயில் இருக்கும், பெட்ரோல் தானாக வழிந்து வராமல் தடுக்கும் வால்வு: ஒரு ஸ்பிரிங்கும் குண்டும்தான், பிசுக்கு ஏறினால் ஒட்டிக்கொள்ளும். பல்பு எவ்வளவு அமுக்கினாலும் கெட்டிப்படவே இல்லை என்றால், ஒன்று எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. அமுக்கும்போது பல்பின் மேல் உள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துப் பாருங்கள், பல பல்புகளின் வால்வு அப்போதுதான் சரியாக உட்காரும். மோட்டார் தடுமாறும்போது பல்பை அமுக்கினால் சீராகிறதா? அப்படியானால் கோளாறு பெட்ரோல் வரத்தில்தான், பம்பையும் அதற்கு முன்னால் உள்ள வழியையும் பார்க்க வேண்டும்.

காற்றா ஆவியா என்று பிரித்தறிய, பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் பெட்ரோல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ் ஒரு சாண் போட்டுப் பார்க்கலாம். சோதனைக்கு மட்டும், முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினிலேயே குமிழி வரிசையாக வந்தால் காற்றுக் கசிவு: ஹோஸ் இணைப்பியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிளாம்ப் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் பெட்ரோல் சொட்டாது, உறிஞ்சும் பக்கமாயிற்றே, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஹோஸ் காய்ந்திருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். சூடேறிய பிறகு மட்டும் குமிழி வந்தால் ஆவி.

பழைய ஹோஸ் இன்னொரு வில்லங்கம். எத்தனாலைத் தாங்காத ரப்பரில் உள்பூச்சு உரிந்து மடல் மாதிரி தொங்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருக்கும், வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போகும். ஆனால் பம்ப் உறிஞ்சும்போது அந்த மடல் வழியை மூடிவிடும். இதைக் கண்டுபிடிக்க நேர் வழி வெற்றிட அளவிதான். முழு வேகத்தில், தயாரிப்பாளரைப் பொறுத்து 2.5 முதல் 4 அங்குல பாதரசத்துக்கு மேல் காட்டினால் அடைப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அளவி இல்லையா, வேறொரு சிறு டேங்கும் ஹோஸும் நல்ல பெட்ரோலுமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

டேங்கை முட்ட நிரப்பி வெயிலில் வைக்க வேண்டாம். 25 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ அரை லிட்டர் பெருகும். காற்றுத் திருகை மூடி, ஹோஸை மாட்டியபடியே விட்டுப் போனால் அந்த அழுத்தம் பெட்ரோலை கார்புரேட்டருக்குள் தள்ளி வழியவிடும். நிறுத்திவிட்டுப் போகும்போது ஹோஸைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும், தீப்பொறி ஒன்று போதும்.

எண்ணெய் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அதில் பெட்ரோல் குறைந்தால் உயவும் கூடவே குறைகிறது, மெலிந்த கலவையால் பிஸ்டனில் சூடும் ஏறுகிறது. முழு வேகத்தில் திணறுகிற மோட்டாரை அப்படியே விரட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சூட்டில் நிற்கிறதா? எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் மோட்டார் ஏறி இறங்கி, மூச்சு வாங்கி அணையும். சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால், சூடேறியதும் செயலிழக்கும் இக்னிஷன் காயில்தான் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) என் முதல் சந்தேகம். ஸ்பார்க் சோதனையை அப்போதே, சூடு ஆறுவதற்குள், செய்தால்தான் அது பிடிபடும்.