ரெண்டு கட்டத்துக்கு நடுவுல செத்தவங்க

ஒன்பதாவது படிக்கிற வாசகி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, "காமிக்ஸ்ல சூப்பர் ஹீரோ செத்தா கொஞ்ச வருஷத்துல திரும்பி வந்துடறாங்களே, அது எப்படி சார், இதுக்கு சயின்ஸ்ல ஏதாவது பதில் இருக்கா?"ன்னு. கூடவே இன்னொரு வரி. "எக்ஸ்-மென் காமிக்ஸ்ல ஜீன் கிரே செத்த கதையைப் படிச்சுட்டு நிஜமாவே அழுதேன், அப்புறம் பார்த்தா செத்தது அவங்களே இல்லையாம், என்னை ஏமாத்திட்டாங்க." எனக்கு கேள்வியை விட இந்த வரிதான் மனசுல நின்னுச்சு. யார் ஏமாத்தினாங்கன்னு தேடிப் போனா அது ரொம்ப அழகான ஒரு இடத்துல போய் முடியுது, அந்த இடத்தைக் காட்டத்தான் இதை எழுதறேன்.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச காரணத்தை சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். அமெரிக்க சூப்பர் ஹீரோ கதாபாத்திரங்கள்ல பெரும்பாலானவை எழுத்தாளரோட சொத்து இல்ல, கம்பெனியோட சொத்து. சூப்பர்மேனை உருவாக்கின ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல வெறும் 130 டாலருக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் மாறி மாறி எழுதியாச்சு, எழுதறவங்க போயிடுவாங்க, கதாபாத்திரம் போகாது. சாவுன்னா நல்லா விக்கும். சூப்பர்மேன் 75-ஆவது இதழ் 1992 நவம்பர்ல கறுப்பு பாலிதீன் உறையில, உள்ள கையில கட்டிக்க ஒரு துக்கப் பட்டையோட வந்துச்சு, 60 லட்சம் பிரதிக்கு மேல வித்துச்சு. உண்மையில அந்த சமயத்துல அவருக்கும் காதலி லோயிஸ் லேனுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறதாத்தான் திட்டம், டிவி சீரியல் வரப்போகுது அதோட சேர்த்து வெச்சுக்கலாம்னு கல்யாணத்தைத் தள்ளி வெச்சாங்க, அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் சாவு. 1993-லயே ஆள் திரும்பி வந்துட்டாரு, 1996-ல கல்யாணமும் ஆச்சு. ஏன் திரும்ப வர்றாங்கங்கிறதுக்கு இவ்வளவுதான் பதில்.

ஆனா வாசகி கேட்டது "எப்படி". கம்பெனி ஆசைப்பட்டா மட்டும் போதுமா? படிக்கிறவங்க நம்பணுமே. நேத்து செத்ததைப் பார்த்தவங்ககிட்ட இன்னிக்கு "அவர் சாகல"ன்னு சொன்னா புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிடணும் இல்லையா, ஆனா பெரும்பாலும் "ஓ, அப்படியா நடந்துச்சு"ன்னு ஏத்துக்கிறோம். ஒரு நாவல்லயோ நாடகத்துலயோ இதே வேலையைப் பண்ணா இவ்வளவு லேசா ஏத்துக்க மாட்டோம். காமிக்ஸ்ல மட்டும் இது இவ்வளவு சுலபமா நடக்குதுன்னா காரணம் அந்தக் காகிதத்துலயே இருக்கு.

ஒரு காமிக்ஸ் பக்கத்தை எடுத்து கிட்ட வெச்சுப் பாருங்க. ஒரு கட்டம், பக்கத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் வெள்ளை இடம், அப்புறம் அடுத்த கட்டம். அந்த வெள்ளை இடத்தை காமிக்ஸ்காரங்க கட்டர்னு சொல்வாங்க, தெருவோரம் தண்ணி ஓடற கால்வாய்க்கு ஆங்கிலத்துல இருக்கிற அதே வார்த்தை. முதல் கட்டத்துல ஒருத்தன் கோடாலியை ஓங்கறான், ரெண்டாவது கட்டத்துல ராத்திரி வானமும் ஒரு அலறலும். வெட்டு விழுந்தது எங்கே? வெள்ளை இடத்துல. வெட்டினது யாரு? படிக்கிற நீங்க. ஸ்காட் மெக்ளவுட்ங்கிற காமிக்ஸ் கலைஞர் 1993-லயே இதை வரைஞ்சு காட்டிட்டாரு. அவர் ஒரு கலைஞரா உணர்ந்து சொன்னதை, ஆய்வகத்துல உளவியல்காரங்க அளந்து பார்த்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சிலிர்க்குது.

அதுக்கு முன்னாடி சின்ன வயசுல நடந்த ஒண்ணு. நான் முதுகைக் காட்டிட்டு உக்காந்து படிச்சிட்டிருந்தேன், பின்னாடி கண்ணாடி டம்ளர் விழுந்து உடையற சத்தம், திரும்பிப் பார்த்தா தரையெல்லாம் சில்லு, மேஜை பக்கத்துல தம்பி நிக்கிறான். அம்மா ஓடி வந்து கேட்டப்போ "இவன்தான் கையால தட்டிவிட்டான், நான் பார்த்தேன்"னு சொன்னேன். அவன் கை டம்ளர் மேல பட்டது எனக்கு அவ்வளவு தெளிவா ஞாபகம் இருந்துச்சு. அவன் அடி வாங்கினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, ஜன்னல் திரை காத்துல பறந்து டம்ளரை இழுத்து விட்டிருக்கு, அவன் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்திருக்கான். நான் பொய் சொல்லல. எனக்கு அந்தப் படம் நிஜமாவே மனசுல இருந்துச்சு, இப்பவும் கண்ணை மூடினா அந்தக் கை தெரியுது.

2011-ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல பிரென்ட் ஸ்ட்ரிக்லாண்ட், ஃபிராங்க் கீல்னு ரெண்டு பேர் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஒருத்தர் பந்தை உதைக்க ஓடி வர்ற மாதிரி சின்ன சின்ன வீடியோ. அதுல கால் பந்து மேல படற அந்த நொடியை மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க. கொஞ்சம் பேருக்கு அதுக்கு அடுத்து பந்து பறக்கிற காட்சி, மத்தவங்களுக்கு சம்பந்தமில்லாத வேற காட்சி. முடிஞ்ச உடனே ஸ்டில் போட்டோக்களைக் காட்டி "இது வீடியோல வந்துச்சா, இது வந்துச்சா"ன்னு கேட்டாங்க. பந்து பறக்கிறதைப் பார்த்தவங்க, கால் பந்துல படற போட்டோவைக் காட்டினதும் "ஆமா பார்த்தேன்"னு தப்பா சொல்றது கூடிப்போச்சு. வராத காட்சி! வீடியோ பார்த்து சில நொடிதான் ஆகியிருக்கு, வருஷக்கணக்கா மறந்துபோன விஷயம் கிடையாது.

இதுல கொஞ்சம் நிதானமா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ரெண்டு குரூப்பும் பார்த்த ஓட்டம் ஒண்ணு, வெட்டின இடம் ஒண்ணு. வித்தியாசம் முழுக்க அந்த வெட்டுக்கு அப்புறம் வந்த காட்சியில. அதாவது மூளை முன்னாடியே யூகிச்சு உதையை வரைஞ்சு வெச்சுக்கிறதுன்னா ரெண்டு குரூப்பும் ஒரே அளவு தப்பு பண்ணியிருக்கணும், ஆனா அப்படி ஆகல, பந்து பறக்கிறதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் மூளை பின்னாடி திரும்பிப் போய் "அப்போ உதைச்சிருக்கணும்"னு ஒரு படத்தை நடுவுல சொருகி, அதுமேல "பார்த்தது"ன்னு முத்திரையும் குத்திடுது. 2001-லயே ஹானிகன், ரைனிட்ஸ்னு ரெண்டு பேர் இதே மாதிரி ஸ்லைடு போட்டு காட்டியிருக்காங்க, கடையில ஆரஞ்சுப் பழமெல்லாம் தரையில சிதறிக் கிடக்கிற படத்தை மட்டும் காட்டினா, குவியலோட அடியிலிருந்து ஒரு பெண் பழத்தை உருவற படத்தையும் பார்த்ததா அப்புறம் பலர் சொன்னாங்க. விளைவு கண்ணுல பட்டா போதும், காரணத்தை மூளையே தயாரிச்சுக்கும்.

இப்போ காமிக்ஸுக்கு வாங்க. முன்னாடி வந்த கதையோட அர்த்தத்தை பின்னாடி வர்ற கதை மாத்தறதுக்கு ரெட்கான்னு பேரு, அதை எழுத்தாளர்களோட தந்திரம்னு எல்லாரும் திட்டுவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, முதல் ரெட்கானை நம்ம மூளையே பண்ணிடுது, ஒவ்வொரு வெள்ளை இடைவெளியிலயும், அடுத்த கட்டத்தைப் பார்த்துட்டு பின்னாடி போய் நிரப்புது. பத்து வருஷம் கழிச்சு வர்ற எழுத்தாளர் செய்யறது அதே வேலையில இன்னொரு சுத்து, அவர் புதுசா ஒரு "அடுத்த கட்டம்" வரைஞ்சு கொடுக்கிறாரு, நம்ம மூளை திரும்பவும் பின்னாடி போய் வேற ஒண்ணை சொருகிக்குது. அச்சான எந்தக் கோட்டையும் அழிக்க வேண்டியதே இல்ல.

பக்கி பார்ன்ஸை எடுத்துக்கோங்க. கேப்டன் அமெரிக்காவோட கூட்டாளி. 1964-ல வந்த அவெஞ்சர்ஸ் 4-ஆவது இதழ்ல, ரெண்டாம் உலகப் போர் முடியற நேரத்துல அவன் செத்துட்டான்னு கேப்டனே நினைச்சுப் பார்க்கிறாரு. குண்டு வெச்ச ஆளில்லா விமானம், அதுல பக்கி, கேப்டன் பிடி நழுவி தண்ணியில விழறாரு, விமானம் வெடிக்குது. விமானம் வெடிச்சுது, பையன் அதுல இருந்தான், அப்போ செத்துட்டான். சிதறின ஆரஞ்சு மாதிரிதான், வெடிப்புதான் கண்ணுக்குத் தெரியுது, மிச்சம் நம்ம வேலை. 40 வருஷம் அந்த சாவு நின்னுச்சு. 2005-ல எட் புரூபேக்கர் எழுதின கதையில ஒரு புது கட்டம் வருது, இடது கை போய் கடல்ல மிதந்தவனை சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் எடுத்துட்டுப் போயிருக்கு. 1964-ல வரைஞ்சது ஒண்ணுகூட தப்பாகல.

ஜீன் கிரே கதை இதை விட நுணுக்கம். அவங்க சாகறது 1980-ல, எக்ஸ்-மென் 137-ஆவது இதழ், நிலாவுல. ஃபீனிக்ஸ்ங்கிற பிரபஞ்ச சக்தியால ஒரு கிரகத்தையே கோடிக்கணக்கான உயிரோட அழிச்சுட்டவங்க சும்மா தப்பிச்சுப் போகக்கூடாதுன்னு தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் கறாரா சொல்லிட்டதால வந்த சாவு. அதனால 1986-ல திரும்பக் கொண்டு வர்றப்போ அந்தக் கொலைப்பழியும் அவங்க மேல இருக்கக் கூடாது. கர்ட் பியூசிக்ங்கிற எழுத்தாளர் அதுக்கு ஒரு யோசனை வெச்சிருந்தாரு, என்னைக் கேட்டா காமிக்ஸ் வரலாற்றுலயே ரொம்ப கூர்மையான யோசனை அது. 1980-ஐத் தொடவே இல்ல. 1976-க்குப் போனாரு. 100-ஆவது இதழ் முடியறப்போ ஜீன் விண்வெளி ஓடத்தை கதிர்வீச்சுக்கு நடுவுல ஓட்டிட்டு வர்றாங்க, 101-ல ஓடம் ஜமைக்கா விரிகுடா தண்ணியில விழுது, ஃபீனிக்ஸா மேல எழும்பி வர்றாங்க. ஓட்டினவங்களும் எழும்பினவங்களும் ஒரே ஆள்னு யார் சொன்னது? நாமதான். அந்த இடைவெளியில நுழைஞ்சு, எழும்பினது ஜீன் வடிவத்தை எடுத்துக்கிட்ட வேற ஒரு சக்தி, நிஜ ஜீன் அதே தண்ணிக்கு அடியில ஒரு கூட்டுக்குள்ள பத்து வருஷமா தூங்கறாங்கன்னு வெச்சுட்டாங்க. செத்தது ஒரு பக்கம், பிழைக்க வெச்ச ஓட்டை நாலு வருஷம் முன்னாடி. தங்கச்சி, உன்னை ஏமாத்தினது அந்த எழுத்தாளர் மட்டும் இல்லம்மா, ஆளை ஆளோட ஒட்டி ஒரே மனுஷியா பார்க்கிற உன் மூளையும்தான் கூட நின்னுச்சு, அது இல்லேன்னா நீ எந்தக் கதையையும் படிக்கவே முடியாது.

சூப்பர்மேன் சாவுல இன்னொரு அழகு. கடைசி நாலு இதழ்ல பக்கத்துக்கு நாலு கட்டம், அப்புறம் மூணு, அப்புறம் ரெண்டு, கடைசியா 75-ஆவது இதழ் முழுக்க பக்கம் முழுசும் ஒரே படம்னு குறைச்சுக்கிட்டே வந்தாங்க. இடைவெளியையே இல்லாம பண்ணிட்டா சாவு உறுதியாயிடும் இல்லையா? ஆகல. ஏன்னா வரைஞ்ச படத்துல மூச்சு கிடையாது, நாடி கிடையாது, உயிரோட இருக்கிறவரும் அசைய மாட்டாரு செத்தவரும் அசைய மாட்டாரு. லோயிஸ் அழுகை, கிழிஞ்ச சிவப்பு துணி, இதை வெச்சுத்தான் "செத்துட்டாரு"ன்னு நாம முடிவுக்கு வர்றோம். உடம்பை அவரோட ரகசியக் கோட்டைக்குக் கொண்டு போய், அவர் பிறந்த கிரிப்டான் கிரகத்துக் கருவியில வெச்சதும் எழுந்துட்டாருன்னா அந்தப் படம் எதுவும் மறுக்காது. 1954-ல வந்த காமிக்ஸ் தணிக்கை விதி ரத்தத்தையும் கோரத்தையும் அளவுக்கு மீறிக் காட்டக்கூடாதுன்னு சொன்னதும் இதுக்கு ஒரு காரணம், சாவை நேராக் காட்டாம ஓரமா தள்ளிப் பழகிட்டாங்க.

இப்போ ஒரு கோபத்தையும் சொல்லிடறேன். பந்து வீடியோல துணுக்கை வெட்டிட்டு "பார்த்தியா"ன்னு கேக்கிறதுக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சிப் பணம்னு கேக்கிறவங்க நிறைய. கோர்ட்ல ஒருத்தர் கூண்டுல ஏறி "நான் என் கண்ணால பார்த்தேன்"னு சொல்றாரே, அந்த ஒரு வாக்கியத்துல ஒருத்தர் ஆயுசே ஜெயில்ல போகலாம். கார் விபத்து படத்தைக் காட்டிட்டு "மோதினப்போ"ன்னு கேக்கறதுக்கு பதிலா "நொறுங்கினப்போ"ன்னு கேட்டாலே, இல்லாத உடைஞ்ச கண்ணாடியைப் பார்த்ததா கூடுதல் பேர் சொல்றாங்கன்னு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-லயே காட்டிட்டாங்க. பேய் பார்த்தேன், அற்புதம் பார்த்தேன்னு சொல்றவங்களையும் நான் பொய்யர்னு நினைக்கிறதில்ல, என் தம்பி கையை நான் பார்த்த மாதிரி பார்த்திருப்பாங்க. ஆனா அதை நம்பி யாராவது வைத்தியத்தை விட்டாலோ பணத்தைக் கொட்டினாலோ எனக்குத் தாங்காது. கண்ணால் காண்பதும் பொய்னு பழமொழியை ஒப்பிக்கிறோம், எந்த நொடியில எப்படிப் பொய்யாகுதுன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்குக் காசு கொடுக்க மட்டும் யோசிக்கிறோம்.

திரும்பி வராதவங்களைப் பத்தியும் கேப்பீங்க. ஸ்பைடர்மேனோட காதலி க்வென் ஸ்டேசி 1973-ல பாலத்துலேருந்து விழறா, ஸ்பைடர்மேன் வலை அவ காலைப் பிடிச்சு நிறுத்துது. வேகமா விழற உடம்பு சட்டுனு நின்னா விசை எவ்வளவு கூடும்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம். அந்தக் கட்டத்துல கழுத்துக்கிட்ட சின்ன எழுத்துல "ஸ்னாப்"னு போட்டிருக்கு. இடைவெளியில இல்ல, கட்டத்துக்குள்ளயே. அந்த நாலு எழுத்துதான் கதவை அடைச்சுடுச்சுன்னு நான் நினைக்கிறேன், குளோன் வந்துச்சு, ஆனா அந்த க்வென் வரல.

ஆனா என் விளக்கத்துக்கு அடங்காம நிக்கிறது ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கரை வளர்த்த அங்கிள் பென். 1962-ல முதல் கதையிலேயே செத்துட்டாரு, சுட்டதை எந்தக் கட்டத்துலயும் காட்டல. இடைவெளிதான் வழின்னா இவரைத்தான் எல்லாரையும் விட சுலபமா எழுப்பியிருக்கலாம். எழுப்பினா பீட்டர் பார்க்கர் ஸ்பைடர்மேனா சுத்தறதுக்கே காரணம் இல்லாம போயிடும், அதனால எத்தனை எழுத்தாளர் மாறினாலும் அந்த வெள்ளை இடத்துல நிலைச்சு நிக்கிற மாதிரி ஒரு கட்டத்தை யாரும் வரையல. பீட்டர் வீட்டுக்கு வர்றான், வாசல்ல போலீஸ் கார் நிக்குது, போலீஸ்காரர் உங்க அங்கிளை சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு சொல்றாரு. 60 வருஷத்துக்கு மேலாச்சு, அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் நாம எல்லாரும் அந்தக் குண்டைப் பார்த்துட்டு இருக்கோம்.