பக்கத்து வீட்டு டிவி நம் ஃபோனில் ஏன் தெரிகிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். போன ஆவணியில் தங்கையின் வளைகாப்புப் படங்களை அம்மாவுக்குப் பெரிதாகக் காட்டலாமென்று ஃபோன் திரையை அப்படியே டிவியில் காட்டும் ஸ்கிரீன் மிரரிங்கைத் திறந்தேன். மூன்று பெயர்கள் வந்தன. இரண்டு ஒரே கம்பெனி டிவி, கடைசி எண் மட்டும் வேறு. மூன்றாவது 'பாட்டி ரூம்'. முதல் பெயரைத் தொட்டேன். எங்கள் டிவியில் ஒன்றும் வரவில்லை. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார்: "தம்பி, உங்க தங்கச்சி வளைகாப்பு எங்க டிவில ஓடுது!"

படங்களுக்கு நடுவே எனக்கு வந்த ஒரு வாட்ஸ்ஆப் செய்தியும் அவர்கள் திரையில் வந்து போயிருக்கிறது. அந்த நேரத்தில் வங்கியின் ஓடிபி வந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கக்கூடும்.

அவர்கள் வைஃபை பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது, எங்களுடையது அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் எப்படி?

காலையில் எங்கள் தெருவில் மீன்கார அம்மா கூடையோடு வருவார். எந்த வீட்டில் யார் வாங்குவார்கள் என்று பார்ப்பதில்லை, பொதுவாகக் குரல் கொடுப்பார். வேண்டியவர்கள் உள்ளிருந்து பதில் சொல்வார்கள். வைஃபை டைரக்ட் என்ற முறையும் அப்படித்தான். ஃபோன் திரையை டிவிக்கு அனுப்ப 2012-ல் வந்த மிராகாஸ்ட் என்ற முறை பெரும்பாலும் இதன்மேல்தான் ஓடுகிறது. இதற்கு நடுவில் ரவுட்டரே தேவையில்லை. ஃபோன் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். கேட்ட டிவி எல்லாம் தன் பெயரையும், தான் என்ன வகைக் கருவி என்பதையும் சொல்லிப் பதில் கொடுக்கும். இன்னும் இணைப்பே ஏற்படாத நிலை என்பதால் இந்தப் பேச்சுக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

சுவர் தடுக்காதா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். செங்கல் சுவர் அதைக் கொஞ்சம் பலவீனமாக்கும், நிறுத்தாது. கம்பி கட்டிய கான்கிரீட் இன்னும் அதிகமாகத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் தெருவில் மூன்று டிவி தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

பட்டியலில் பெயர் தெரிவதால் பக்கத்து வீட்டில் என்ன படம் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. இணைந்த பிறகு போகும் படமும் ஒலியும் குறியாக்கம் செய்யப்பட்டே போகின்றன. பயப்பட வேண்டியது அந்தப் பெயருக்குத்தான். 'பாட்டி ரூம்' என்று வைத்தால் அந்த வீட்டில் வயதானவர் தனி அறையில் இருக்கிறார் என்று தெருவுக்கே சொன்ன மாதிரி. ஊருக்குப் போகும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டால் பெயர் மறையும். நாலு நாள் மறைந்திருந்தால், கவனிக்கிறவருக்கு வீட்டில் ஆளில்லை என்று புரியும்.

டிவியில் செருகி ஃபோனிலிருந்து படம் அனுப்ப உதவும் குரோம்காஸ்ட் போன்ற கருவிகளின் வழி வேறு. அவை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கூப்பிடுகின்றன. 224.0.0.251 என்ற முகவரிக்குப் போகும் கேள்வி அந்த நெட்வொர்க்கில் கேட்டுக்கொண்டிருக்கும் கருவிகளுக்கெல்லாம் போய்ச் சேரும். வெளியே போகாது. அதனால் இது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் பரீட்சை நேரம், நெட் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் கதை மாறிவிடும். அந்தப் பிள்ளையின் ஆண்ட்ராய்டு ஃபோனில் நம் டிவியில் ஓடும் படத்தின் பெயரே அறிவிப்பாக வரக்கூடும், நிறுத்தும் பட்டனோடு.

புதுச்சேரியில் வார இறுதிக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் எல்லா அறைக்கும் ஒரே வைஃபை இருந்தால் இதேதான் நடக்கும். இதைத் தடுக்க ரவுட்டரில் கிளையன்ட் ஐசோலேஷன் என்ற வசதி உண்டு. கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி அது பிரித்துவிடும். விடுதி நடத்துகிறவர்கள் இதைச் செய்யாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு செட்டிங்தான்.

ஃபோனில் இருக்கும் ஆப்களும் இந்தப் பட்டியலைப் படிக்க முடியும். 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க விரும்பும் ஆப் முதலில் அனுமதி கேட்க வேண்டும். டார்ச் ஆப் ஒன்று அப்படிக் கேட்டால் யோசிக்காமல் மறுத்துவிடலாம்.

படம் மட்டும் காட்டப் போகிறோமென்றால் மிரரிங்கைவிட குரோம்காஸ்ட் போன்றவற்றில் இருக்கும் காஸ்ட் நல்லது. மிரரிங்கில் திரையில் வருவது அத்தனையும் போகும். காஸ்டில் நாம் தேர்ந்தெடுத்த படமோ வீடியோவோ மட்டும்தான் போகும்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய் அவர்கள் ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். புதிய ஃபோன் இணைய வந்தால் கேட்கும் வசதி அணைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டேன். அப்புறம் இரண்டு டிவிக்கும் பெயரை மாற்றினோம், அவர்களுடையது 'சங்கு', எங்களுடையது 'தோணி'. பின்தெரு 'பாட்டி ரூம்' யார் வீடு என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.