எந்த மாதத்து வருமானத்தை எழுதுவது?

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் ஒரு கரையோரக் கிராமத்தில் வீட்டு விபரம் எடுத்துக்கொண்டிருந்தேன். "மாத வருமானம் எவ்வளவு அக்கா?" என்று கேட்டதும் அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "எந்த மாசத்தைத் தம்பி எழுதப் போறீங்க?" மீன்படும் மாதங்களில் அந்த வீட்டில் காசு புழங்கும். வாடைக்காற்று எழும்பி கடல் கொந்தளிக்கும் நவம்பர், டிசம்பரில் வள்ளம் கரையில்தான் கிடக்கும். அப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றேன். பிள்ளையின் கிளினிக் அட்டை இருந்த பொலித்தீன் பைக்குள்ளிருந்து மூன்று அடகுச் சீட்டுகளை எடுத்துப் பாயில் வைத்தார். என் படிவத்தில் வருமானத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு கட்டம்.

அபிவிருத்தி வேலையில் பல வருடமாக இருக்கிறேன். "திருகோணமலைக்கு என்ன குறை? துறைமுகம் இருக்கு, மா ஆலை இருக்கு, சீமெந்து ஆலை இருக்கு" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் சொல்வது பொருளாதார வளர்ச்சி. ஒரு வருடத்தில் நாட்டுக்குள் உற்பத்தியான பொருட்கள், சேவைகளின் பெறுமதியைக் கூட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி வரும்; அது கூடுவதுதான் வளர்ச்சி. அதைச் சனத்தொகையால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி. ஒரு வீட்டுக்கு மாதம் 4 இலட்சம், பக்கத்து வீட்டுக்கு 40 ஆயிரம் என்று வையுங்கள். சராசரி 2 இலட்சத்து 20 ஆயிரம். அந்தக் காசு இரண்டு வீட்டிலும் இல்லை! தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸே, இந்தத் தொகையைப் பார்த்து ஒரு நாட்டின் நலனை ஊகிக்க முடியாது என்று 1934இல் எச்சரித்துவிட்டார்.

அப்படியென்றால் அபிவிருத்தி எது? கிண்ணியாவைத் திருகோணமலைப் பக்கத்தோடு இணைக்கும் கிண்ணியாப் பாலத்தைத்தான் நான் காட்டுவேன். கட்டும்போது அதற்கான செலவு உற்பத்திக் கணக்கில் ஏறியது. 2009இல் திறந்த பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். முன்பு பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் பாதை (மிதவை) வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். இப்போது ஓட்டோ நேரே போகிறது. இப்படி மனிதர்களின் கைக்கு எட்டுவது கூடுவதைத்தான் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் போன்றவர்கள் அபிவிருத்தி என்றார்கள்.

அதை அளக்க பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் தலைமையில் 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டெண் வந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை புள்ளி. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இருப்பதால்தான் இலங்கை இதில் தன் வருமானத்துக்கு மிஞ்சிய இடத்தில் நிற்கிறது. 2010இல் வந்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண் இன்னும் கிட்ட வந்து, வீட்டுக்குள்ளேயே பார்க்கிறது: குடிநீர், மலசலகூடம், அடுப்புக்கு என்ன எரிபொருள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று 10 விடயங்கள். எனக்கு அதிகம் பிடித்த அளவுகோல் இதுதான். ஆனால் அதுவும் அந்த அடகுச் சீட்டுகளைக் கேட்பதில்லை.

நம் ஊரில் இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2023இல் தொடங்கிய அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும, வருமானத்தை மட்டும் பார்க்காமல் கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை என்று 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் ஆட்களைத் தெரிவு செய்கிறது. விபரம் எடுக்க வருபவரிடம் வெட்கத்தில் "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று சொல்லி முடித்துவிடுகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொழில் இல்லாத மாதங்களையும் சொல்லுங்கள். கிணறு எந்த மாதம் வற்றுகிறது, நாட்பட்ட நோயாளி யார், படிப்பை விட்ட பிள்ளை யார் என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கட்டத்துக்குள் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பாருங்கள், பிழை என்றால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள்.

அந்த அக்காவின் படிவத்தில் மீன்படும் மாதத்தையும் வாடை மாதத்தையும் தனித்தனியாக ஓரத்தில் எழுதினேன். மூன்று அடகுச் சீட்டுகளின் தொகையையும் கீழே சேர்த்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.