தொங்கும் வீலை நம்பி ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்

பழைய பத்மினி, கான்டெஸா கார் வைத்திருக்கும் தம்பிகளே, முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தால் இதைப் படித்து முடித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

போன வாரம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பத்மினியை டெம்போவில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். முன் இடது வீல் இல்லை. லோவர் ஆர்ம், அதாவது வீலைக் கீழிருந்து பிடிக்கும் இரும்புக் கை, தொங்காமல் இருக்க நைலான் கயிற்றால் கட்டியிருந்தது, மட்கார்டின் உள்தகடு ஒரு சாண் அகலத்துக்குப் பிளந்து கிடந்தது, ஸ்பிரிங் டிக்கியில் இருந்தது. வண்டிக்காரப் பையன் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருக்கிறது. ஸ்பிரிங் தெறிக்கும்போது அவன் முகம் கொஞ்சம் விலகியிருந்தது, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். இந்த மாதிரி வண்டி என்னிடம் வருவது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எரிச்சலோடு எழுதுகிறேன்.

கூட வந்த அவனுடைய மாமா கேட்டார்: "அண்ணாச்சி, வண்டியத் தூக்கியாச்சுல்லா, வீலு தொங்குது, பொறவு ஸ்பிரிங்ல என்ன டென்ஷன் இருக்கப் போவுது?"

எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். வண்டியின் பாரம் ஸ்பிரிங் மேல் இல்லை என்றால் அது தளர்ந்துவிட்டது என்று மனதில் பதிந்து போயிருக்கிறது. ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் தரையில் நிறுத்தி அளந்தால் ஒரு நீளம் வரும். அதை உட்காரவைக்கும் இடம், அதாவது மேலே இருக்கும் கிண்ணத்துக்கும் கீழே லோவர் ஆர்மில் இருக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, வீல் எவ்வளவு கீழே தொங்கினாலும் அந்த நீளத்தைவிடக் குறைவுதான். அப்படி வைத்திருப்பதே வேண்டுமென்றுதான். இல்லாவிட்டால் ஒரு குழியில் வீல் இறங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே 33 செ.மீ. நீளம், வீல் முழுசாகத் தொங்கும்போது உள்ளே கிடைக்கும் இடம் 25 செ.மீ. ஒரு சென்டிமீட்டர் அமுக்க 50 கிலோ பாரம் வேண்டிய ஸ்பிரிங் என்றால், நீங்கள் "டென்ஷன் இல்லை" என்று சொல்லும் அந்த நேரத்திலும் அது 400 கிலோ விசையோடு ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. அத்தனையும் ஒரே நொடியில் விடுபட்டால், நாலு கிலோ எடையுள்ள இரும்பு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிற கணக்கு வருகிறது. அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆர்ம் கொஞ்சம் இறங்கி, ரப்பர் ஸ்டாப்பரில் முட்டி நின்றுவிடும். "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியத்தோடு, ஆர்மையும் வீல் பக்கத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டின் நட்டை முழுசாகக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்த ஜாயின்ட்தான் கடைசியாக ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருந்தது. கருங்கல் பையனுக்கு நடந்ததும் இந்தத் தைரியத்தால்தான்.

அம்பாசிடரில் கைபழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் முன்பக்கத்தில் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டே ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு; காயில் ஸ்பிரிங்கே கிடையாது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு கான்டெஸாவில் இறங்காதீர்கள். மாருதி 800-இல் கற்றுக்கொண்டவர்களுக்கும் இதேதான்: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அந்த ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துக் கொக்கி மாட்டும் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி), மேலும் கீழும் இருக்கும் இரண்டு விஷ்போன் ஆர்முக்கு நடுவே ஸ்பிரிங் ஒளிந்திருக்கும் பழைய வண்டிகளில் பல நேரம் உள்ளேயே நுழையாது. நுழையாததை நெம்பி நுழைத்து, ஒரு கொக்கியை அரைகுறையாக மாட்டிவிட்டு முறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளையும், பிறகு வழுக்கும். இவற்றுக்கு ஸ்பிரிங்கின் நடுவே ஒரே தண்டாகப் போய், மேலும் கீழும் தட்டு வைத்து இறுக்கும் கம்ப்ரசர் வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று அதன் ஒர்க்ஷாப் மேனுவலில் பாருங்கள், வீடியோவில் வருபவர் வைத்திருப்பது வேறு வண்டி.

"எங்க ஆசான் கட்டுக்கம்பியில கட்டித்தான் எடுப்பாரு" என்பார்கள். எடுத்திருப்பார். கூட மூன்று பேர் நின்று பிடித்திருப்பார்கள். கட்டுக்கம்பி, கயிறு, பழைய சைக்கிள் செயின் எதுவும் இப்படி அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிக்கச் செய்ததில்லை. நல்ல இரும்புச் சங்கிலியை ஸ்பிரிங்குக்குள் விட்டு, வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி வைப்பது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் அது கம்ப்ரசர் தவறினால் தடுப்பதற்கு. கம்ப்ரசருக்குப் பதில் இல்லை.

கேஸ் கட்டரால் அறுத்து எடுக்கும் வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பாதி அறுபடும்போதே தெறிக்கும். வண்டியைத் தாழ்த்துவதற்காக ஒரு சுற்றை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுகிறவர்களும் உண்டு. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது.

சரி, செய்தே தீருவேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். சிமெண்ட் தரை வேண்டும், மழையில் ஊறிய செம்மண் முற்றம் ஆகாது. பின் வீல்களுக்கு முட்டு, ஹேண்ட்பிரேக். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் சேஸிஸில் கெட்டியான இடம் பார்த்து இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. செங்கலும் ரப்பர் மரத்தடியும் ஸ்டாண்டு இல்லை, ஹாலோபிளாக் சத்தியமாக இல்லை. அது சொல்லாமல் நொறுங்கும்.

அப்புறம் லோவர் ஆர்மின் வெளிமுனைக்குக் கீழே இன்னொரு டிராலி ஜாக்கி. அது ஆர்மைத் தாங்கிய பிறகுதான் ஷாக்கையும் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் தொடவேண்டும். கம்ப்ரசர் மரையில் கிரீஸ் போட்டு, கை ஸ்பேனரால் நிதானமாக இறுக்குங்கள், ஏர் கன் கூடாது. ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகினால் அது தட்டில் திரும்பவேண்டும், அப்போதுதான் விடுபட்டது என்று அர்த்தம். பால் ஜாயின்ட் நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் நாலைந்து மரை பிடித்திருக்கும்படி அப்படியே விட்டுவிட்டு டேப்பரை உடையுங்கள், அதாவது கூம்பான அந்த ஜாயின்ட் தண்டின் பிடிப்பை விடுவியுங்கள். டேப்பர் விட்டாலும் நட்டு பிடித்துக்கொள்ளும். பிறகு நட்டை எடுத்து, ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். இந்த நேரம் முழுக்க ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே யாரும் இருக்கக்கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலிலேயே வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள், தயவுசெய்து. அமுக்கிய ஸ்பிரிங்கைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம், அதைத் தட்டவும் வேண்டாம்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் நின்ற வண்டியானால் தனியாக ஒரு எச்சரிக்கை. உப்புக்காற்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டும் ஆர்மின் அடித்தகடும் உள்ளிருந்து அரித்திருக்கும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். குத்திய இடம் உள்ளே போனால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். அந்தத் தகட்டின் மேல்தான் ஜாக்கியும் ஸ்பிரிங்கும் எதிரெதிராக அழுத்தப் போகின்றன.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள், மாட்டும்போது பார்த்துக்கொள்ள மற்றது அப்படியே இருக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் முனை தட்டில் உள்ள பள்ளத்தில் உட்காரவேண்டும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதிது போடுங்கள், பழையதை நிமிர்த்தி மாட்டாதீர்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி நாலு வீலில் நின்ற பிறகே முழுசாக இறுக்கவேண்டும்; தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

கம்ப்ரசர் வாங்கக் காசு இல்லை என்பதற்காகக் கட்டுக்கம்பியைத் தேடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் கேளுங்கள், நாகர்கோவில் பக்கம் என்றால் என்னிடமே வாருங்கள். வாடகை வேண்டாம். எந்த வண்டி என்று சொல்லி, மாட்டும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு எடுத்துப் போங்கள், மண் துடைத்து மரையில் கிரீஸ் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்.