ஒரு ரூபாய் எடை எத்தனை கிராம்?

பழைய நாட்டு மருந்துக் குறிப்புகளைப் புரட்டியவர்கள் ‘சுக்கு ஒரு ரூபாய் எடை, திப்பிலி அரை ரூபாய் எடை’ என்பது போன்ற அளவுகளைக் கண்டிருப்பார்கள். இன்று சட்டைப்பையிலுள்ள ஒரு ரூபாய் நாணயத்தைத் தராசுத் தட்டில் வைத்துச் சுக்கை நிறுத்தால், வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். குறிப்பை எழுதியவர் மனத்தில் இருந்தது 11.66 கிராம் எடையுள்ள வெள்ளி ரூபாய். 2011க்குப் பின் வந்த எஃகு ரூபாயோ 4 கிராமைக்கூட எட்டாது. எடை மாற்றத்தை வெறும் பெருக்கல் கணக்கு என்று எண்ணுபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பெருக்குவதற்கு முன் எந்தக் காலத்து ரூபாய், எந்த ஊர்ச் சேர் என்று கேட்டாக வேண்டும்.

அந்த வெள்ளி ரூபாயின் வழியாகத்தான் நம் பழைய நிறைகள் மெட்ரிக் முறையோடு பிசகின்றி இணைகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1833இல் வங்காளத்தில் ஒரு தோலாவை 180 கிரெயின் என்று வரையறுத்தது. 1835இல் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் பொதுவாக வந்த ரூபாயும் அதே 180 கிரெயின் எடையில் அடிக்கப்பட்டதால், நாணயமே ஊர்தோறும் கைக்கெட்டும் எடைக்கல்லாகப் பயன்பட்டது. கிரெயின் ஆங்கிலேயர் அலகு. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட 6 நாடுகள் 1959இல் ஒரு பவுண்டு என்பது சரியாக 0.45359237 கிலோகிராம் என்று ஒப்புக்கொண்டன. எனவே ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம், அதை 180ஆல் பெருக்கினால் தோலா 11.6638 கிராம்.

இந்த எண் கையில் இருந்தால் சென்னை மாகாணத்து வாய்பாடு முழுவதும் தானாகவே கிராமுக்கு மாறிவிடும். 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. பலம் 34.99 கிராம், சேர் 279.9 கிராம், வீசை 1,399.7 கிராம் என வரும். இன்றைய சித்த மருந்தியல் அட்டவணைகள் பலத்தை 35 கிராம் என்று முழுமையாக்கிக்கொள்கின்றன. அதனால் நேரும் பிழை பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை என்பதால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால், வங்காளத்துச் சேர் 80 தோலா, அதாவது 933 கிராம். பெயர் ஒன்றுதான், எடை மும்மடங்குக்கும் மேல். மணங்கிலும் இதே கதை: அங்கே 37.32 கிலோ; இங்கே வாய்பாட்டின்படி 11.2 கிலோ. அதையும் வணிகர்கள் கணக்கு வசதிக்காக 25 பவுண்டு என்று வைத்துக்கொண்டதால், மணங்குக்கு 143 கிராம் கூடி 11.34 கிலோ ஆயிற்று. அத்தகைய 20 மணங்கு கொண்ட சென்னைக் கண்டி 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. நாளிதழ்களில் இன்று பருத்தி விலையோடு வரும் கண்டியோ 356 கிலோ. அது 784 பவுண்டு கொண்ட பம்பாய்க் கண்டி. மெட்ரிக் முறை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் நூற்பாலைகள் அதை விடவில்லை.

தங்கத்துக்கு வந்தால் அடிப்படை அலகு ஒரு விதை. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு விதையைப் போல இன்னொரு விதை இராதே என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் கழஞ்சுக்கு 40 குன்றிமணிகளைச் சேர்த்து நிறுக்கும்போது, கனமானவையும் இலேசானவையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. தனி விதை சராசரியிலிருந்து 15 விழுக்காடு முன்பின்னாக விலகும் என்று வைத்துக்கொண்டால், 40 விதைகளின் மொத்தத்தில் அந்த விலகல் 40இன் வர்க்கமூலத்தால் வகுபட்டு இரண்டரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு வட்டாரத்து விதைகள் எல்லாமே சற்றுப் பருத்தவையாக இருந்துவிட்டால் மட்டும் இந்தச் சராசரி உதவாது. வடநாட்டு ரத்தியும் குன்றிமணிதான். தோலாவுக்கு 96 என்ற கணக்கில் அது 121.5 மில்லிகிராம். சித்த மருத்துவ அட்டவணையில் குன்றி 130 மில்லிகிராம். இப்படிப்பட்ட குழப்பத்துக்கு இடந்தராமல் இருக்கத்தான் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் அணிகலன்களைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் குறிக்கின்றன. இன்ன கல்லால் இத்தனை கழஞ்சு என்று எழுதிய அந்தக் கவனம் இன்றைய மாற்று அட்டவணைகள் பலவற்றில் இல்லை.

படி, மரக்கால், நாழி ஆகியவற்றை இந்த அட்டவணைகளில் சேர்ப்பதும் தவறு. அவை முகத்தல் அளவைகள். ஒரு படி அரிசியும் ஒரு படி அவலும் ஒரே எடை ஆகா என்பது சமையலறையில் நிற்கும் எவருக்கும் தெரியும். பொருளைச் சொல்லாமல் படியைக் கிலோவாக்க வழியே இல்லை.

பவுனில் மட்டும் மாற்றம் வேறு விதமாக நடந்தது. சவரன் என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் எடை 7.988 கிராம். நம் கடைவீதி அதை 8 கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டது. பவுனுக்கு 12 மில்லிகிராம் வேறுபாடு, 50 பவுனுக்கு 0.6 கிராம். வாங்குபவருக்கு இதில் இழப்பில்லை. தராசு காட்டுவதும் விலை போடுவதும் கிராமில்தான். 22 கிராம் சங்கிலியை எட்டால் வகுத்து ‘ரெண்டே முக்கால் பவுன்’ என்று சொல்வது வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்காக.