நூறு விழுக்காட்டில் சேராத பிள்ளைகள்

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் பள்ளிகளுக்கிடையிலான போட்டி அதனால் தணியவில்லை. முடிவு வெளியான அன்றே 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்ற பதாகை வாசலில் ஏறிவிடுகிறது. மாணவர்களுக்கான உளவியல் ஆலோசகராக நான் சந்திக்கும் பெற்றோர் சிலர், அந்தக் கணக்கில் இடமில்லாமல் போன பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருபவர்கள்.

தேர்ச்சி விழுக்காடு, தேர்வு எழுதியவர்களை மட்டுமே கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆகவே, ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் எடுப்பாரா என்று ஐயத்துக்குரிய மாணவர் தேர்வறைக்கே வராமலிருந்தால் விழுக்காடு தானாக உயர்ந்துவிடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு முடிந்த கையோடு, ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டல் தொடங்குகிறது. எழுத்துமூலமாக எதுவும் வராது. "டி.சி. வாங்கிக்கோங்க, இல்லேன்னா பிரைவேட்டா எழுதட்டும்" என்று வாய்மொழியாகச் சொல்லப்படும். பெரும்பாலான பெற்றோர் அதைப் பிள்ளையின் தோல்வியாகவே எடுத்துக்கொண்டு தலைகுனிந்து கையெழுத்திடுகிறார்கள்.

இவ்வாறு அனுப்பப்படுபவர்களில், கேட்டால் வாயால் தெளிவாக விடை சொல்லி, எழுதும்போது மட்டும் எழுத்துகளை இடம் மாற்றியும் விட்டுவிட்டும் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அது சோம்பலல்ல, டிஸ்லெக்சியா எனப்படும், வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது உறுதியானால், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகளைத் தேர்வுத்துறை வழங்குகிறது. மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். டி.சி. கேட்கச் சொல்லும் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த விண்ணப்பத்தைத்தான்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பாடத்தில் இருவர் தவறினாலும் விளக்கம் கேட்கப்படும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பதாகையைப் பார்த்துச் சேர்க்கை கேட்டு நிற்பவர்களோ நாம்தான். அடுத்த முறை சேர்க்கைக்குச் செல்லும்போது, சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் எத்தனை பேர், அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், காரணத்தையும் கேளுங்கள். நான்கு பேர் தவறினார்கள், துணைத்தேர்வுக்கு அவர்களைத் தயார்செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் பள்ளியையே நான் பரிந்துரைப்பேன்.