சாப்பிட அடம்பிடிக்கும் குட்டிக்குப் பச்சை இறைச்சி: கிண்ணம் காலியானால் போதுமா?

ஏழு மாதப் பெண் நாய் ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய இனம். நாலடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது, இடுப்பைத் தொட்டால் கத்துகிறது என்றார்கள். எங்கும் விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தேன். எலும்புக்கும் சுற்றியிருக்கும் சதைக்கும் படத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பின் ஓரம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. தொடை எலும்பில் ஒரு முறிவு, பச்சைக் குச்சியை மடக்கினாற்போல.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பாக்கெட் உணவைத் தொடவே மாட்டேன் என்கிறது டாக்டர். பச்சைக் கோழி வைத்தோம், ஒரே நிமிஷத்தில் காலி. மூன்று மாதமாக அதுதான். எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமே என்று சதையை மட்டும் எடுத்துப் போடுகிறோம்."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் உட்கார்ந்து எலும்பை நீக்கி, துண்டு போட்டு, கையால் ஊட்டியவர்கள். ஆனால் எலும்பில்லாத கோழிச் சதை 100 கிராமில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம்தான். பாஸ்பரஸோ 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. வளரும் நாய்க்கு இது தலைகீழாக இருக்க வேண்டும்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் 1.2 முதல் 1.4 பங்கு வரை. இன்னொரு விதமாகச் சொல்கிறேன். குட்டி சாப்பிடும் ஒவ்வொரு 1000 கலோரிக்கும் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் ஆஃப்கோ அளவுகோல். அந்த 1000 கலோரியை வெறும் கோழிச் சதையாகக் கொடுத்தால், சுமார் 850 கிராம் தின்றும் 0.1 கிராம் கால்சியம்கூடக் கிடைக்காது.

உடல் என்ன செய்யும்? இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமும் தசையும் ஒழுங்காக இயங்காது. அதனால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்தாவது இரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்டிவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். குட்டியும் சுறுசுறுப்பாக, ரோமம் மினுங்க, கிண்ணத்தை நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதுதான் தெரியவரும்.

இதைச் சொல்வது பச்சை உணவே கூடாது என்று தடுக்க இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே சமைக்காத இறைச்சி வேண்டாம் என்று அறிவுறுத்தியது. உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் ஊட்டச்சத்துக் குழுவும் அதே கருத்தில்தான் இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணங்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் யோசித்து, படித்து, பச்சை உணவுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. வாசலை அடைத்தால் அவர்கள் மாற்றாமல் இருக்கப்போவதில்லை, கேட்காமல் மாற்றுவார்கள். கஷ்டப்படப்போவது குட்டிதான்.

சரி, குட்டி ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது? உணவை மாற்றும் முன் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும்.

பாதிப் பேருக்கு நான் சொல்லும் பதில், உங்கள் குட்டி அடமே பிடிக்கவில்லை என்பதுதான். எடைக்கு எடை பார்த்தால் குட்டியின் கலோரித் தேவை முதல் 4 மாதத்தில் உச்சத்தில் இருக்கும், அப்புறம் இறங்கும். கிண்ணத்தின் அளவை மட்டும் நாம் இறக்குவதில்லை. கூடவே பயிற்சிக்கு ட்ரீட், பாசத்துக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் போடுவது. மொத்தக் கலோரியில் இவை பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே சாப்பாட்டு நேரத்தில் பசி இருக்காது. 4 முதல் 6 மாதத்தில் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும்போது ஈறு வலிக்கும். கடினமான உணவை அப்போது ஒதுக்குவது இயல்பு. இதோடு நாமே சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று சேர்ந்துகொள்கிறது. முகர்ந்துவிட்டு நகர்ந்தால் அதைவிட ருசியானது வரும் என்று குட்டி இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். மூன்றாவது நாள் அதையும் முகர்ந்துவிட்டு நகரும்.

மீதிப் பேருடைய குட்டிகளில் ஏதோ ஒரு நோய் இருக்கும். குடற்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, விழுங்கிவிட்ட துணித்துண்டு, அட்ரினல் சுரப்பி போதிய அளவு சுரக்காமல் இளம் வயதிலேயே வரக்கூடிய அடிசன் நோய். இவற்றில் என்னால் மறக்க முடியாதது ஒன்று. சின்ன இனக் குட்டி, 5 மாதம். கூடப் பிறந்தவற்றைவிடப் பாதி எடை. எதையும் ஆசையாகத் தின்னாது. "ஊட்டம் போதவில்லை போல" என்று பச்சை மாட்டிறைச்சி கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்தில் அறையைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போகாமல் பிறவியிலேயே அமைந்த குறுக்குவழியில் போய்விடும் கோளாறு அது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை ஈரல் அகற்ற முடியாமல் அது நேராக மூளைக்குப் போகிறது. இறைச்சி கூடக் கூட நிலை மோசமாகும். அந்தக் குட்டி சாப்பிட மறுத்ததற்கு அதன் உடம்பில் காரணம் இருந்தது. சாப்பிடும் முன்னும் பின்னும் எடுக்கும் பித்த அமிலப் பரிசோதனை இந்தக் கோளாறைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் என் கிளினிக்கில் ஒரு நிபந்தனை உண்டு. எடை, பல், மலம், இரத்தம் இவற்றைப் பார்க்காமல் உணவை மாற்ற நான் ஒப்புக்கொள்வதில்லை. வாந்தி, பேதி, எடை இறங்குவது, சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று உறுதியானால், அதே பழைய உணவை வைத்துக்கொண்டே சாப்பாட்டு நேரத்தை முதலில் ஒழுங்குபடுத்தச் சொல்வேன். இதைப் பலர் விரும்புவதில்லை. 6 மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. கிண்ணத்தை வைத்து 15 நிமிடம். தின்னாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளைவரை ஒன்றும் இல்லை. கெஞ்சுவது, கையால் ஊட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நலமாக இருக்கும் குட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வழிக்கு வந்துவிடும். ஆனால் இதை மிகச் சிறிய இனங்களிடமும் 4 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளிடமும் செய்யாதீர்கள். அவற்றின் இரத்தச் சர்க்கரை ஒருவேளைப் பட்டினியிலேயே இறங்கி வலிப்பு வரலாம். எந்த வயதாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இந்த ஒழுங்குக்குப் பிறகு பச்சை உணவே தேவையில்லை என்று நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. எனக்கு அது சந்தோஷமே.

இனி மாற்றுகிறவர்களுக்கு. 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு மற்ற உறுப்பு என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறும் சதையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதையே சமநிலை உணவு என்று சொல்வது தவறு. துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் இ, வைட்டமின் டி, ஒமேகா 3 ஆகியவை இந்தக் கலவையில் அடிக்கடி குறைகின்றன. மாங்கனீஸ் மூட்டுக்கும் தசைநாருக்கும் வேண்டியது. சதையில் அது மிகக் குறைவு. இன்னொரு பக்கம் ஈரலை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ எல்லை தாண்டும், அதுவும் எலும்பைத்தான் பாதிக்கும். 2013-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர், வளர்ந்த நாய்களுக்கு வீட்டில் தயாரிக்கும் உணவுக்கான 200 செய்முறைகளை ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. எல்லாம் நிறைவாக இருந்தவை 9 மட்டும். வளர்ந்த நாய்க்கே இப்படி என்றால், எலும்பு கட்டிக்கொண்டிருக்கும் குட்டிக்குக் கண்ணளவு போதாது.

"அப்படியானால் கால்சியம் மாத்திரையைக் கூடுதலாகவே போட்டுவிடுகிறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் 6 மாதம் வரை முழுதாக வருவதில்லை. கொடுத்ததை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெரிய இனங்களில் அது எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும். அதனால்தான் அவற்றுக்கு 1000 கலோரிக்கு 4.5 கிராம் என்று மேல் எல்லையும் வைத்திருக்கிறார்கள்.

நான் பரிந்துரைப்பது இரண்டில் ஒன்று. வளரும் குட்டிகளுக்கு ஏற்ற முழுமையான உணவு என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும் தயாரிப்பு. உயர் அழுத்தத்தில் கிருமி நீக்கியது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் உங்கள் குட்டியின் வயதுக்கும் எடைக்கும் எழுதிக்கொடுத்த செய்முறை. அதைக் கிராம் தராசில் எடைபோட்டுத்தான் செய்ய வேண்டும். ஈரல் தீர்ந்துவிட்டது என்று சதையைக் கூட்டிப் போட்டால், எண்ணெயின் வாடை பிடிக்கவில்லை என்று அதை விட்டுவிட்டால், அது வேறு உணவாகிவிடுகிறது.

எலும்பு என்றால் நைசாக அரைத்தது. மாட்டின் கால் எலும்பு மாதிரி கெட்டியானதைக் கடித்து மேல் கடைவாய்ப் பல் பிளந்துபோன நாய்களை அடிக்கடி பார்க்கிறேன். வேகவைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. முழுக் கோழிக் கழுத்தையும் நான் எழுதுவதில்லை. 2018-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய்களின் கால்கள் படிப்படியாகச் செயலிழக்கும் ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். சமைக்காத பன்றி இறைச்சியும் வேண்டாம். அதில் ஆஜெஸ்கி வைரஸ் இருந்து நாய்க்குத் தொற்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

மாற்றத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரே வகை இறைச்சி, கொழுப்பு குறைந்தது. முதல் மூன்று நான்கு நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. மலம் கெட்டியாக இருந்தால் அரைக்கு அரை, அப்புறம் முக்கால். அடம்பிடித்துப் பழகிய குட்டி புதியதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பழையதை விட்டுவிடும். அதனால் இரண்டையும் நன்றாகப் பிசைந்து வையுங்கள். சில குட்டிகள் நேர்மாறு; பச்சை இறைச்சியின் குளிர்ச்சியும் வழவழப்பும் பிடிக்காமல் நாக்கால் தள்ளிவிடும். அவற்றுக்கு உணவை மூடிய பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்தால் போதும், மணம் எழும்பிவிடும். எலும்பு கலக்காததாக இருந்தால் மேற்புறத்தை மட்டும் லேசாக வதக்கி, நாளுக்கு நாள் வதக்குவதைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

மலத்தைத் தினமும் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுத்து இளகினால் பெரும்பாலும் ஈரலும் உறுப்பும் அதிகம். ஆனால் தார் மாதிரி இருந்தால் அது குடலில் கசியும் இரத்தமாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு லேசாகத் தடவினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலே இருந்து பார்த்தால் இடுப்புக் குறுகல் தெரிய வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது இருந்தால் பச்சை உணவு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன். உறைய வைப்பது பல ஒட்டுண்ணிகளைக் கொல்லும், ஆனால் சால்மோனெல்லாவை நம்பும்படி கொல்லாது. நாய்க்கு ஒன்றுமே ஆகாமல் அதன் மலத்திலும் எச்சிலிலும் அந்தக் கிருமி வாரக்கணக்கில் வரலாம். அந்த வாயால்தான் குழந்தையின் முகத்தை நக்குகிறது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்து நாய் பச்சையாகத் தின்றால், குடலில் எக்கினோகாக்கஸ் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதருக்குள் போனால் அதே நீர்க்கட்டி நம் ஈரலில் வரும். அதனால் பச்சை இறைச்சி தின்னும் நாய்களுக்கு 6 வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டெல் கலந்த புழு மருந்து கொடுக்கச் சொல்கிறேன். மற்றபடி உறைந்த இறைச்சியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளக விடுவது, தனிக் கத்தி, தனிப் பலகை, 20 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவுவது. இதெல்லாம் தினமும் முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலும்புக்குப் பதில் அளந்த கால்சியத்தோடு, சமைப்பதற்கென்றே எழுதிய செய்முறை இருக்கிறது. நாய்களுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாய்களைவிட அதிகம் என்று 2013-லேயே தெரிந்துவிட்டது. பச்சையாக மட்டுமே தின்றாக வேண்டிய பிராணி இல்லை அது.

அந்த ஏழு மாதக் குட்டிக்கு வந்த அன்றே வெறும் சதையை நிறுத்தினோம். வலிக்கு மருந்து, ஓட முடியாதபடி சின்னத் தடுப்புக்குள் முழு ஓய்வு, வளரும் பெரிய இனத்துக்கான முழுமையான உணவு. முதல் நாள் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மாலை பாதி தின்றது, மூன்றாம் நாள் முழுதும். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. முறிவும் கூடியிருந்தது, லேசான வளைவு மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு வயதுக்குப் பிறகு, எழுதிக்கொடுத்த செய்முறைப்படி பச்சை உணவுக்கு மாறினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருவார். தேதி, நாயின் எடை, அன்று போட்ட ஈரல் எத்தனை கிராம் எல்லாம் அதில் இருக்கும்.